பறவைத் தீவுகளின் சரித்திரம்



பள்ளிப் பாடப் புத்தகங்களில் ஒரு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண், பயிர், விலங்கு, மீண்டும் மண் என்று வட்டமாக அம்புக்குறிகள் வரையப்பட்டிருக்கும். நைட்ரஜன் என்னும் தழைச்சத்து இயற்கையில் எவ்வாறு சுற்றி வருகிறது என்பதை விளக்கும் படம் அது. நீருக்கும் அத்தகைய படம் ஒன்று உண்டு: கடல், மேகம், மழை, ஆறு, மீண்டும் கடல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். மாணவர்களும் அவற்றைத் திருத்தமாக வரைந்து மதிப்பெண் பெற்றார்கள். ஆயினும், ஓர் அம்புக்குறியிலிருந்து அடுத்த அம்புக்குறிக்குச் செல்ல எத்தனை காலம் பிடிக்கும், அவற்றுள் ஒன்று அறுந்துபோனால் யாருக்கு என்ன நேரும் என்பவற்றையெல்லாம் படம் சொல்வதில்லை. அவற்றை அறிய வேண்டுமானால் சரித்திரத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சரித்திரம் ஒன்று தென் அமெரிக்காவில், பசிபிக் மகாசமுத்திரத்தின் கரையிலுள்ள பெரு நாட்டில் நிகழ்ந்தது. அந்நாட்டின் பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே சின்சா என்ற பெயருடைய மூன்று சிறிய தீவுகள் இருக்கின்றன. அங்கே மரம் இல்லை; புல் இல்லை; குடிக்க நீரும் இல்லை. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல நாட்டுக் கப்பல்கள் அந்தத் தீவுகளைச் சுற்றி மாதக்கணக்கில் நங்கூரம் பாய்ச்சிக் காத்து நின்றன. அந்தத் தீவுகளைப் பற்றிக்கொள்ள ஒரு பேரரசு தன் கடற்படையை அனுப்பியது. பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் அன்று, பறவைகளின் எச்சத்துக்காக!

சிரிக்க வேண்டாம். அந்த எச்சம் எப்படிப்பட்ட செல்வம் என்பதை முதலில் பார்ப்போம்.

பெரு நாட்டுக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு குளிர்ந்த நீரோட்டம் செல்கிறது. ஹம்போல்ட் நீரோட்டம் என்று அதற்குப் பெயர். கரையை ஒட்டித் தென்திசைக் காற்று ஓயாமல் வீசுகிறது. பூமி சுழல்வதனால், தென் கோளார்த்தத்தில் காற்றால் தள்ளப்படும் நீர் இடப்புறமாக விலகும். அதாவது கரையைவிட்டு நடுக்கடலை நோக்கி நகரும். அவ்வாறு விலகிய மேல்நீரின் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கடலில் மடியும் உயிர்களெல்லாம் கீழே அமிழ்ந்து மட்கிவிடுகின்றன அல்லவா? அவற்றின் சத்துகளெல்லாம் ஆழ்நீரில் கரைந்து கிடக்கின்றன. அந்தச் சத்துகள் மேலெழும் நீரோடு வெயில் படும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. உடனே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடானுகோடியாகப் பெருகுகின்றன. அவற்றையும் அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களையும் உண்டு நெத்திலி இனத்து மீன் பெருங்கூட்டமாக வளர்கிறது. அந்த மீனைத் தின்று இலட்சக்கணக்கான கடற்பறவைகள் வாழ்கின்றன. குவானாய் என்னும் நீர்க்காகம், பிக்குவேரோ என்று அந்நாட்டார் அழைக்கும் கடற்பறவை, கூழைக்கடா ஆகிய மூன்றும் அவற்றுள் முக்கியமானவை. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இரவில் அவை தீவுகளுக்குத் திரும்பி வந்து தங்கும்.

இங்கேதான் நீரின் வட்டம் தழைச்சத்தின் வட்டத்தோடு சேர்கிறது. குளிர்ந்த நீரோட்டத்தின்மேல் வரும் காற்றும் குளிர்ந்துவிடுகிறது. அது மேலெழுந்து மழையாக மாறுவதில்லை. ஆதலால் அந்தக் கரை உலகத்தின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றாக இருக்கிறது. மழை பெய்யும் தேசமாயிருந்தால் பறவையின் எச்சத்திலுள்ள தழைச்சத்து கரைந்து மீண்டும் கடலுக்கே ஓடிவிடும். சின்சாத் தீவுகளில் அதைக் கரைத்துச் செல்ல நீர் இல்லை. அதனால் எச்சம் உலர்ந்து, ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகப் படிந்து, சில இடங்களில் நூறு அடிக்கு மேல் உயர்ந்து நின்றது. கடல் கொடுத்த கடனை, வானம் வசூலிக்க மறந்துவிட்டது என்று சொல்லலாம்.

பெருவின் பழங்குடி மக்கள் இதன் அருமையை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவர்களுடைய கெச்சுவா மொழியில் எருவுக்கு ‘ஹுவானு’ என்று பெயர். அந்தச் சொல்தான் ஸ்பானியர் வாயில் ‘குவானோ’ ஆயிற்று. இன்கா அரசகுலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்தவர் கார்ஸிலாஸோ தெ லா வேகா என்னும் ஆசிரியர். அவர் 1609-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இன்கா மன்னர்களின் சட்டங்களைக் குறிப்பிடுகிறார். பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் யாரும் தீவில் கால் வைக்கலாகாது. வைத்தால் மரண தண்டனை. எக்காலத்திலும் பறவைகளைக் கொல்லலாகாது. அதற்கும் அதே தண்டனை. தீவுகள் மாகாணங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. தத்தம் தேவைக்கு மேல் எவரும் எடுக்கக்கூடாது. தண்டனை கடுமையானதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே ஒரு பேரறிவு இருக்கிறது. எருவைக் காக்க வேண்டுமானால் எருக்குவியலுக்குக் காவல் போட்டால் போதாது, பறவைக்குக் காவல் போட வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

1802-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் பெருவுக்கு வந்தார். துறைமுகத்தில் இந்த எருவைக் கண்டு, அதன் மாதிரிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். பாரிஸ் நகரத்து இரசாயன அறிஞர்களான ஃபூர்க்ராவாவும் வோக்ளெனும் அதைப் பகுத்து ஆராய்ந்தார்கள். எனினும் அப்போது அது ஒரு விஞ்ஞான வியப்பாக மட்டுமே இருந்தது. விவசாயிகள் அதைத் தேடத் தொடங்கப் பின்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் சென்றன.

அந்த இடைக்காலத்தில் ஐரோப்பாவின் நிலை மாறிவிட்டது. ஆலைகள் தோன்றின, நகரங்கள் வீங்கின. கிராமத்தில் விளைந்த தானியம் நகரத்துக்குப் போயிற்று. ஆனால் நகரத்துக் கழிவு கிராமத்து வயலுக்குத் திரும்பி வரவில்லை. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. அதன்பிறகு இலண்டனில் பெரிய சாக்கடைகள் கட்டப்பட்டு, கழிவெல்லாம் நகருக்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றில் விடப்பட்டன. சுகாதாரத்துக்கு அது நன்மை செய்தது. ஆனால் வயலின் சத்து கடலுக்குப் போகும் வழியும் அதனால் நிலைபெற்றுவிட்டது. பயிர் மண்ணிலிருந்து எடுத்த உப்புச் சத்துகளை மீண்டும் மண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1840-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இலண்டன் தன் கழிவைக் கடலில் கொட்டுவது வீண் என்று பிற்காலத்தில் அவர் வற்புறுத்தியும் பயன் விளையவில்லை.

வீட்டில் இருந்ததைக் கொட்டிவிட்டவர்கள் அதை வெளியில் வாங்கத்தானே வேண்டும்? நல்ல பெரு நாட்டுக் குவானோவில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தழைச்சத்து உண்டு. மணிச்சத்தும் நிரம்ப உண்டு. நம் பண்ணை எருவிலோ தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே இருக்கும். ஒரு வண்டி எரு செய்வதை ஒரு சிறு மூட்டை குவானோ செய்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்குக் குவானோக் கப்பல்கள் செல்லத் தொடங்கின. அது முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பெருவிலிருந்து ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட குவானோ ஏற்றுமதியாயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் படிந்தது ஒரு தலைமுறைக்குள் கப்பலேறிவிட்டது.

பேராசை மற்ற நாடுகளையும் பற்றிக்கொண்டது. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இச்சாபோ என்று ஒரு சிறிய தீவு உண்டு. அங்கேயும் குவானோ இருப்பது தெரிந்தவுடன் 1843-இலும் 1844-இலும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அதை மொய்த்துக்கொண்டன. 1845-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்தத் தீவில் பாறைதான் மிஞ்சியது. அமெரிக்க ஜனாதிபதி ஃபில்மோர் 1850-ஆம் ஆண்டில் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் குவானோவின் விலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. 1856-இல் அமெரிக்கா ஒரு சட்டமே இயற்றியது: எவருக்கும் உரிமையில்லாத, மக்கள் குடியில்லாத குவானோத் தீவை அமெரிக்கக் குடிமகன் ஒருவன் கண்டு கைக்கொண்டால், அது அமெரிக்காவுக்கு உரியதாகலாம் என்பது அந்தச் சட்டம். பசிபிக் கடலில் ஹௌலாண்ட், பேக்கர், ஜார்விஸ் முதலிய தீவுகள் இன்றும் அமெரிக்காவின் உடைமையாக இருப்பதற்கு அதுவே தொடக்கம்.

இத்தனை எருவையும் வெட்டி எடுத்த கைகள் யாருடையவை? இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சரித்திரம் அரைச் சரித்திரமாகிவிடும். தண்டனைக் கைதிகள், அடிமைகள், கூலிகள் ஆகியோரே தொடக்கத்தில் அங்கே உழைத்தனர். பின்னர்ச் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ 90,000 சீனர்கள் பெருவில் வந்திறங்கினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். எட்டாண்டு ஒப்பந்தம், தினமும் இவ்வளவு வெட்ட வேண்டும் என்ற கணக்கு, தவறினால் கசையடி. வெட்டும்போது எழும் தூசியிலுள்ள அம்மோனியா கண்ணையும் மூச்சையும் எரித்தது. செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து நீண்ட குழாய்களின் வழியே எரு கப்பலுக்குள் கொட்டப்படும்போது மாலுமிகளே அருகில் நிற்க அஞ்சினர். துன்பம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு என்று அக்காலத்துப் பிரயாணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டுகளில்தான் நம் தமிழ் மக்களும் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிகளாகக் கப்பலேறினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தீவு நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது விளங்கும்.

குவானோவினால் பெரு அரசாங்கத்துக்குப் பணம் வெள்ளம்போல் வந்தது. சில ஆண்டுகளில் அரசாங்க வருவாயில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிடைத்தது. இந்தப் பணத்தால் விளைந்த நன்மையும் உண்டு. 1854-ஆம் ஆண்டில் ரமோன் காஸ்தில்லா அடிமை முறையை ஒழித்தார். பழங்குடி மக்கள்மீது விதிக்கப்பட்டிருந்த தலைவரியையும் நீக்கினார். அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்கக் குவானோப் பணம் உதவிற்று. ஆனால் எச்சமலையை ஈடாகக் காட்டி அரசாங்கம் கடன் வாங்கப் பழகிவிட்டது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட மேலும் கடன்; அதற்காக மேலும் வெட்டு. 1864-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயின் தன் கப்பற்படையை அனுப்பிச் சின்சாத் தீவுகளைக் கைப்பற்றிற்று. 1866-ஆம் ஆண்டு மே மாதத்தில் காயாவோ துறைமுகத்தில் நடந்த போருக்குப் பிறகே அந்தப் படை திரும்பிச் சென்றது. தீவுகள் பெருவின் வசமே இருந்தன. ஆனால் அவற்றின்மேல் இருந்த மலை கரைந்துகொண்டே வந்தது. 1870-களின் நடுவில் சின்சாத் தீவுகளில் வெட்டுவதற்கு ஏதும் மிச்சமில்லை. 1876-இல் பெரு அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தது.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெரு ஏழையானது பறவைகள் எச்சமிடுவதை நிறுத்திவிட்டதனால் அன்று. கடலிலே மீன் இருந்தது, நீரோட்டம் இருந்தது. ஆண்டுதோறும் வரும் வருவாய் எவ்வளவு, முன்னோர் காலத்திலிருந்து சேர்ந்து கிடந்த முதல் எவ்வளவு என்று யாரும் பிரித்துக் கணக்குப் பார்க்கவில்லை. முதலை வெட்டித் தின்றுவிட்டு, அதை வருவாய் என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதினார்கள். வெட்டுகிறவர்களின் கூச்சலிலும் மண்வெட்டியிலும் கூடுகள் சிதைந்தன; முட்டைகளைக் கூலிகளும் மாலுமிகளும் எடுத்துத் தின்றார்கள்; பறவைகளும் குறைந்தன. முதலும் போயிற்று, வட்டி தரும் மூலமும் நலிந்தது.

குவானோ குறையத் தொடங்கியபோது உலகம் மற்றொரு பாலைவனத்தின் பக்கம் திரும்பியது. தெற்கே அட்டகாமா என்னும் பாலையில் வெடியுப்பு கிடந்தது. அங்கேயும் கதை அதுதான்: மழை இல்லாமையால் கரைந்து ஓடாமல், மிக நெடுங்காலமாகச் சேர்ந்த நைட்ரேட்டு உப்பு அது. வயலுக்கு எருவாகவும் பீரங்கிக்கு மருந்தாகவும் அது பயன்பட்டது. அந்தப் பாலையின் உரிமையை முன்னிட்டு 1879-இல் சிலி ஒருபுறமும் பெருவும் பொலிவியாவும் மறுபுறமுமாக யுத்தம் மூண்டது. சிலி வென்றது. பெரு தன் தாராபாக்கா மாகாணத்தை இழந்தது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையுமே இழந்தது. இன்றுவரை பொலிவியாவுக்குக் கடல் இல்லை. எருவின் பொருட்டு ஒரு தேசத்தின் படமே மாறிப்போனதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வெடியுப்பும் ஒரு நாள் தீரும் என்பது தெரிந்ததே. 1898-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மகாசபையில் தலைமையுரை நிகழ்த்திய வில்லியம் குரூக்ஸ், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வடிவத்தில் பிடித்துத் தர இரசாயன அறிஞர்கள் முன்வராவிட்டால் கோதுமை உண்ணும் மக்கள் பஞ்சத்தைச் சந்திக்க நேரும் என்று எச்சரித்தார். நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜனே. ஆனால் பயிர் அதை நேரே உண்ண முடியாது. அவரை இனப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களும் இடிமின்னலுமே அதை மாற்றித் தந்தன. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபர் என்னும் ஜெர்மானியர் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் மூண்ட மகாயுத்தத்தில் அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் வழி செய்தது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த முறையில் உண்டான உரத்தைச் சார்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி, பாறையாகிப் போன பறவைத் தீவுகளுக்குத் திரும்புவோம். ஹாபர் தம் சோதனையைச் செய்த அதே 1909-ஆம் ஆண்டில் பெரு அரசாங்கம் குவானோ நிர்வாகக் கழகம் ஒன்றை அமைத்தது. இன்காக்கள் கண்ட உண்மையை அந்தக் கழகம் மீண்டும் கண்டது. தீவுகளுக்குக் காவலர்களை அனுப்பியது. முறைவைத்து ஒரு தீவில் வெட்டும்போது மற்றத் தீவுகளுக்கு ஓய்வு கொடுத்தது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் யாரும் நெருங்காதவாறு பார்த்துக்கொண்டது. பின்னாளில், கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளின் குறுக்கே மதில் எழுப்பி, நரிகளும் மனிதர்களும் வராமல் தடுத்து, பறவைகளுக்குப் புதிய குடியிருப்பும் தந்தது. பறவைகள் பெருகின. 1950-களின் நடுவில் அவற்றின் தொகை இரண்டு கோடிக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் டன் அளவுக்கு எரு கிடைத்தது. இது முதலன்று, வட்டி. அறுந்த அம்புக்குறியை மனிதன் தன் கையாலேயே மீண்டும் முடிந்துவிட்டான் என்று மகிழலாம்.

ஆனால் வட்டம் என்பது ஓரிடத்தில் மட்டும் அறுவதில்லை. 1950-களில் பெருவில் மீன்மாவு ஆலைகள் தோன்றின. பறவைகள் தின்ற அதே நெத்திலியை வலைவீசிப் பிடித்து, உலர்த்தி, அரைத்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அனுப்பினார்கள். 1960-களில் எடையளவில் உலகிலேயே அதிகமாக மீன் பிடித்த நாடு பெருவேயாகும். 1970-இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன் நெத்திலி பிடிபட்டது.

அந்தக் கடலுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காற்று தளர்ந்து, வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வெப்பநீர் வந்து கரையை மூடிக்கொள்ளும். ஆழத்துக் குளிர்நீரின் சத்து மேலே வராது. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் செம்படவர்கள் அதைக் குழந்தை ஏசுவின் பெயரால் ‘எல் நினோ’ என்று அழைத்தார்கள். அப்போது பாசி குறையும். மீன் ஆழத்துக்கும் தெற்கேயும் போய்விடும். பறவைகள் பட்டினியால் மாளும். முன்பெல்லாம் எல் நினோ சென்ற பின் பறவைகள் சில ஆண்டுகளில் மீண்டும் பெருகிவிடும். ஆனால் 1957-இலும் 1965-இலும் எல் நினோ வந்து போனபின் அவற்றால் பழையபடி பெருக முடியவில்லை. எஞ்சிய மீனுக்கு இப்போது படகுகள் போட்டியாக இருந்தன. இரண்டு கோடி என்று இருந்த தொகை 1965-க்குப் பின் ஏறத்தாழ நாற்பது இலட்சமாகச் சுருங்கியது. 1972-இல் மற்றோர் எல் நினோ வந்தது. அப்போது மீனும் மாண்டது, படகுக்காரரும் கலங்கினர். 1973-இல் கிடைத்த நெத்திலி ஏறத்தாழ இருபது இலட்சம் டன்தான். முதல் முறை பெரு பறவையின் எச்சத்தை வெட்டித் தின்றது. இரண்டாம் முறை பறவையின் உணவையே அள்ளிச் சென்றது. அறுந்த கண்ணி வேறு. அறுந்த வட்டம் ஒன்றே.

இதற்கு மாறாக, சிறியதே ஆயினும் அறாமல் காக்கப்பட்ட வட்டம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலை நீங்கள் சுற்றுலாவில் பார்த்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறையும்போது கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா முதலிய பறவைகள் வந்து ஏரியிலுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றுப்புறத்து நீர்நிலைகளிலெல்லாம் அவை தின்ற மீனின் சத்து எச்சமாக அந்த ஏரியில் விழுகிறது. அந்த நீர் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. அது வெறும் நீரன்று, எருநீர் என்பதை அவ்வூர் விவசாயிகள் விஞ்ஞான நூல் எதையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் எழுதி வாங்கினார்கள். பெருவில் பறவையைக் காத்தது மன்னனின் மரண தண்டனை. இங்கே காத்தது ஊரின் கட்டுப்பாடு. இரண்டுக்கும் அடிப்படையான அறிவு ஒன்றே. ஏரிக்கு நீர் வரத்து இருக்கும் வரையில்தான் அந்த வட்டமும் சுழலும் என்பதையும் மறந்துவிடலாகாது.

‘தொழிற்சாலையில் அம்மோனியா கிடைக்கும்போது பறவையும் நீரோட்டமும் நமக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, வட்டத்துக்குள் அளவுக்கு மேல் ஊற்றினாலும் தீங்கு உண்டாகும். வயலில் இடும் உரத்தின் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதிதான் பயிருக்குள் செல்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மழைநீரோடும் பாசன நீரோடும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அந்த உரத்தால் பாசி மிகுந்து, அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, கோடைதோறும் மீன்கள் வாழ முடியாத பெரும்பரப்பு தோன்றுகிறது. பெருவில் கடல் நிலத்துக்குச் சத்து தந்தது. இன்று நிலம் கடலுக்குத் தாங்காத அளவு சத்தைத் தள்ளுகிறது.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. தழைச்சத்துக்கு ஆகாயம் என்ற களஞ்சியம் இருக்கிறது. மணிச்சத்துக்கு அத்தகைய களஞ்சியம் இல்லை. பாஸ்பரஸ் காற்றில் தங்குவதில்லை. அது பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து ஆற்றின் வழியே கடலுக்கும் போகிறது. கடலடியிலிருந்து நிலம் மேலெழுந்து அது திரும்பி வர இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அதற்கிடையே அதை விரைவில் நிலத்துக்கு மீட்டுத் தருபவை கடற்பறவைகளும், கடலிலிருந்து ஆறேறி வரும் மீன்களும் போன்ற உயிர்களே. நாம் இன்று வயலில் இடும் மணிச்சத்து பெரும்பாலும் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுக்கும் பாறையிலிருந்து வருகிறது. உலகத்தின் இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவின் ஆட்சியில் உள்ள பகுதிகளில் இருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொள்கிறது. காற்றிலிருந்து பாஸ்பரஸைப் பிடித்துத் தர எந்த ஹாபரும் வர முடியாது. ஆதலால், எடுத்ததைத் திருப்பித் தரும் வழியைக் கண்டுகொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. நகரத்துக் கழிவை வீணாக்கலாகாது என்ற லீபிக்கின் பழைய வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

நம் மொழியில் ‘எச்சம்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பறவை இடுவதும் எச்சம்; எஞ்சி நிற்பதும் எச்சம்; ஒருவனுக்குப் பின் வரும் மக்களும் எச்சம். வகுப்பில் இந்தச் சொல்லை விளக்கும்போதெல்லாம் எனக்குச் சின்சாத் தீவுகளின் நினைவு வரும். பெரு நாடு 2009-ஆம் ஆண்டின் இறுதியில் தன் 22 தீவுகளையும் தீவுக் கூட்டங்களையும், 11 நிலமுனைகளையும் சேர்த்துத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. இப்போதும் அங்கே முறைவைத்து, பறவைகள் கூடு கட்டாத இடங்களில், மண்வெட்டியும் துடைப்பமும் கொண்டு மனிதர்களே எருவைச் சேர்க்கிறார்கள். தொகையில் அது பழைய நாட்களின் சிறு பகுதிதான். 2022-இன் இறுதியில் பரவிய பறவைக் காய்ச்சல் அந்தக் கூட்டங்களில் பல்லாயிரக்கணக்கானவற்றைக் கொன்றது. ஆயினும் குளிர்ந்த நீர் இன்னும் மேலெழுகிறது; மீன் இன்னும் திரள்கிறது; மாலையில் பறவைகள் இன்னும் தீவுக்குத் திரும்புகின்றன.

ஆகவே, மாணவர்களே, உங்கள் புத்தகத்தில் அந்த வட்டப் படத்தை அடுத்த முறை வரையும்போது, ஒவ்வோர் அம்புக்குறியின் அருகிலும் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். இந்தச் சத்து எங்கிருந்து வந்தது? வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று? எடுத்தவர் யார்? திருப்பித் தருபவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு நம் ஊர் ஏரியிலும், நம் ஊர் வயலிலும், நம் ஊர்ச் சாக்கடையிலும் நீங்களே விடை தேடலாம். அதற்குப் பெருவுக்குப் போக வேண்டியதில்லை.